உப்பில்லாத கறி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் என் கணவர் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பஞ்சுப் பொதிகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் எடை போடும் வேலையில் இருந்தார். ஒரு நாள் காலையில் எழுந்தவருக்கு முகமெல்லாம் அதைத்திருந்தது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டர் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்துவிட்டு, குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், கெட்டிருக்கிறது, உப்பு, கருவாடு, கறி எதுவும் கூடாது என்றார்.

கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனுஷர். தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். பக்கத்து வீட்டில் கறி தாளிக்கிற மணம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எந்தச் சாப்பாட்டுக் கடையில் நுழைகிறாரோ என்று எனக்கும் இருப்புக்கொள்ளாது.

அந்தச் சமயத்தில்தான் விளாத்திகுளத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார். மறுநாளே மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டுக் குண்டிக்காய் வாங்கி வந்துவிட்டார்.

"ஏளா, குண்டிக்காய்க்குக் குண்டிக்காய்தான் மருந்து. பச்சப் பத்தியம் போட்டு அவன எலும்பாக்கி வச்சிருக்க."

"டாக்டர் கூடாதுன்னு சொல்லுதாரு, மதினி."

"டாக்டரா அவன வளத்தாரு? நான்லா வளத்தேன்!"

தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நான் அடுப்படியை அவரிடம் விட்டேன். மிளகும் உப்புமாகச் சாறு காய்ச்சித் தினமும் கொடுத்தார். இவரும் சட்டியைச் சாய்த்துக் குடித்தார். சில நாளில் கண் திறக்க முடியாதபடி வீங்கியது, மூச்சு இரைத்தது. மதினியிடம் சொல்லாமல் நான் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன்.

டாக்டர் வந்து பார்த்தார். யாரையும் திட்டவில்லை.

"சாறு ஆகாதும்மா. ஈரலும் குண்டிக்காயும் வேண்டாம். வீக்கம் வடிஞ்ச பிறகு, இவர் ஆசைக்கு, வாரத்துல ஒரு நாள் கொழுப்பில்லாத கறி கொஞ்சமாக் கொடுங்க. நிறையத் தண்ணியில வேக வச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிரணும். உப்பு கூடவே கூடாது."

அன்றைக்கு மதினியும் சாப்பிடவில்லை.

வீக்கம் வடியப் பல வாரமாயிற்று. முதல் கறியை மதினிதான் பொடிப்பொடியாக நறுக்கினார். வெந்த தண்ணீரைக் கொட்டப் போனவர் சட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். "சத்தெல்லாம் போகுதேளா" என்று அழுதார். சட்டியை நான் வாங்கிக் கொட்டினேன். சின்ன வெங்காயத்தையும் மிளகையும் வதக்கிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தோம். இவர் ஒவ்வொரு துண்டையும் வெகு நேரம் மென்றார்.

"எப்படிலே இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"சப்புன்னுதான் இருக்கு. ஆனா கறி கறிதான்க்கா."

மதினி ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாக, "அவன் கெஞ்சினாலும் உப்பக் கொடுத்துராத" என்று சத்தம் போட்டார்.

என் கணவர் மறுபடி கிட்டங்கிக்குப் போக ஆரம்பித்தார். மத்தியானச் சோற்றை நானே கொண்டுபோனேன். கூட வேலை செய்கிறவர்கள் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். அவர் கை கழுவுகிற வரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன்.