சொஸ்தமான வயிற்றுக்குள் ஒரு விளக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அப்பாவின், நாங்கள் கூப்பிடுகிறபடி நைனாவின், வயிறு எங்கள் சித்தூர் சபைக்குப் பொதுச்சொத்தாக இருந்தது. சபையில் அவர் மூப்பர். பத்து வருஷத்து வயிற்றுவலி ஜெபத்தால் சொஸ்தமாகிவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்லிவிட்டார். அன்று மதியச் சாப்பாடு முடிவதற்குள் வலி திரும்பிவிட்டது.

சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்க எங்கள் சபையில் வழி கிடையாது. அது போதாதென்று, வயிற்றுவலிக்காரர்களை எல்லாம் ஜெபத்துக்கு எங்கள் வீட்டுக்கே அனுப்பினார்கள். நைனா ஒரு கையை வந்தவர் வயிற்றிலும் மறு கையைத் தன் வயிற்றிலும் வைத்து ஜெபிப்பார். யாருக்காக ஜெபிக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். ஆத்திரமாக வரும்.

ஒருநாள் நைனாவுக்கு மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. அவருடைய அண்ணன் வயிற்றுப் புற்றில் போனவர். இனியும் நீ ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றால் நானே சபையில் எழுந்து சொல்வேன் என்று மிரட்டினேன்.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. சபையில் பாதி வீட்டுப் பெண்கள் அங்கே நர்ஸ் வேலையில் இருந்தார்கள். நாங்கள் வீடு திரும்புவதற்குள் செய்தி எங்கள் ஜெபக்கோயில் வாசலுக்கு வந்திருக்கும். எங்கள் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஊர் திருப்பதிதான். அங்கே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டர் ஒருவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம்.

குழாய் கறுப்பாக, சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக, நுனியில் விளக்கோடு இருந்தது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 'மிங்கண்டி, மிங்கண்டி' என்று தெலுங்கில் விழுங்கச் சொன்னார் டாக்டர். முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் ஜெபிக்கும் நைனா வாய்பேச முடியாமல் கிடந்தது அன்றுதான். குழாய்க்குள்ளேயே குறடு மாதிரி ஒன்றை விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். டாக்டர் என்னையும் குழாயின் மறுமுனையில் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஈரமான சிவப்புச் சுவரில் வெள்ளையாக ஒரு குழி. சாட்சி சொன்ன வயிறு இதுதானா என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, பயத்திலும்.

துணுக்கின் முடிவுக்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள். தொண்டை மரப்பு போகும்வரை தண்ணீர்கூடக் கூடாது. நிழல் தேடி, மலையேறுகிறவர்கள் கிளம்பும் அடிவாரமான அலிபிரிப் பக்கம் நடந்தோம். வெயிலுக்கு நைனா தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். எங்கள் கோயிலில் மணி அடிப்பவர் ஒரு பஸ்ஸிலிருந்து எங்களைப் பார்த்தது எங்களுக்குத் தெரியாது.

ஞாயிறன்று சபை முழுவதும் நைனாவின் தலையையே பார்த்தது. மூப்பர் மலையேறி மொட்டை போட்டுவிட்டார் என்று பேச்சு. தலையில் முடி இருந்தது யாரையும் தடுக்கவில்லை. கூட்டத்தில் முறை வராமல் திரும்பியிருப்பார் என்றார்கள். ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி விளக்கம் கேட்டது. மலையா, ஆஸ்பத்திரியா? ஏதோ ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

நைனா எழுந்தார். "மலைக்கிப் போவல. ஆஸ்பத்திரிக்கித்தான் போனேன். வவுறு சொஸ்தமாச்சின்னு சொன்னது பொய். அன்னியிலேர்ந்து வலிச்சிக்கினுதான் கீது" என்றார்.

மணி அடிப்பவர் எழுந்து வெளியே போய்விட்டார். அலிபிரியில் அவருக்கு என்ன வேலை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் முடிவு வாங்கப் போனோம். புற்று இல்லை, புண்தான், மாத்திரையில் ஆறும் என்றார் டாக்டர். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

வெளியே வந்தால், பெஞ்சில் மருந்துச் சீட்டும் கையுமாக மணி அடிப்பவர். நைனா பக்கத்தில் போய் உட்கார்ந்து, எத்தனை நாளாக வருகிறாய் என்று கேட்டார். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ எனுக்கு ஜெபம் பண்ணியே, அதுக்கு மறுநாள்லேர்ந்து."