கடலில் தண்ணீர் கலந்த நாள்

பாலில் தண்ணீர் கலப்பவர்களைப் பிடிப்பதுதான் என் உத்தியோகம். தொண்ணூறுகளில் கோயமுத்தூரை ஒட்டிய ஒரு பால் சொசைட்டியில் டெஸ்டராக இருந்தேன். விடிவதற்குள் கேன்களோடு வரிசை கட்டி நிற்பார்கள். ஒவ்வொரு கேனிலிருந்தும் பாலை முகந்து, அதில் லேக்டோமீட்டரை விடுவேன். அடியில் குண்டும் கழுத்தில் எண்களும் உள்ள கண்ணாடிக் குழல் அது. நல்ல பாலில் நிமிர்ந்து மிதக்கும். தண்ணீர் சேர்ந்த பாலில் முங்கும். முங்கினால், "ஏனுங்க, மாடு நேத்து மழையில நனைஞ்சுருச்சுங்களா?" என்று கேட்பேன். ஆள் தலையைச் சொறிந்துகொண்டு கேனைத் திருப்பி எடுத்துப் போவார். என்னை ஏமாற்றிவிட்டுப் போனவர் கிடையாது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஆனால் நான் பிடித்ததிலேயே பெரிய கலப்படம் பாலில் நடந்ததல்ல. எங்கள் வீட்டுக் கூடத்தில், கடல் தண்ணீரில் நடந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு கடல் தொட்டி இருந்தது. இரண்டரை அடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் பவளப் பாறைத் துண்டுகள், காளான் மாதிரி விரிந்து சுருங்கும் பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன். நடுவில் ஒரு கடல் சாமந்தி. புத்தகத்தில்தான் அந்தப் பேர். எங்கள் வீட்டில் அது வெறும் 'பூ'. பூ என்றாலும் அது செடியில்லை, உயிருள்ள பிராணி. நூறு விரல்களை ஆட்டிக்கொண்டு பாறையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆரஞ்சு நிற மீன்கள் இரண்டும் அந்த விரல்களுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். அதைப் பார்க்க வேண்டுமென்றே பால்காரர்கள்கூட வீட்டுக்கு வருவார்கள். தெருவில் உள்ளவர்களுக்கு மட்டும் கிண்டல். "சிறுவாணித் தண்ணி குடிக்கிற ஊருல உப்புத்தண்ணியக் கொண்டாந்து கூடத்துல வெச்சு அழகு பாக்கறா" என்பார்கள். சொன்னால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடல் தண்ணீர் கேரளக் கரையிலுள்ள சாவக்காட்டிலிருந்து வந்தது. உக்கடம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவரும் வண்டிக்காரர் ஒருவர் கேனில் பிடித்துவந்து தருவார். அதன் அடர்த்தியை அளக்க என்ன செய்வது என்று யோசித்து, கடைசியில் என் கைக்குப் பழகிய லேக்டோமீட்டரையே விட்டேன். நல்ல கடல் தண்ணீர் இருபத்தைந்தில் நின்றது. நல்ல பசும்பாலைவிடக் கொஞ்சம்தான் கம்மி. இதற்காகத் தனியாக ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். சொசைட்டி சாமானை வீட்டுக்கு எடுத்து வருகிற பழக்கம் எனக்கில்லை.

இதற்கு முன் ஒரு தடவை நான் தோற்றிருக்கிறேன். முதலில் வாங்கிய மீன்களும் பவளமும் ஒரு பூவும் மூன்றே வாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கூடமே நாறியது. நான் இரண்டு நாள் சமைக்காமல் அழுதேன். என் வீட்டுக்காரர் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்து மோட்டார் பம்புக்குப் பாகங்கள் செய்பவர், அதிர்ந்து பேசமாட்டார். "போதும் கண்ணு, உனக்கு இந்தக் கெரகம் வேண்டாம்" என்றார். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினேன். இதுவும் செத்தால் தொட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும், வாழ்நாளில் மீன் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அப்படி நானே வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கில் வளர்ந்ததுதான் இந்தப் பூவும் இந்த ஜோடியும்.

இரண்டு வருஷத்தில் பூ பெருத்துவிட்டது. விரிந்தால் கண்ணாடியில் முட்டியது. அதன் விரல் பட்டுப் பக்கத்துப் பவளம் வெந்து வெளுத்தது. பெரிய தொட்டிக்கு மாற்றாவிட்டால் ஒன்றையொன்று கொன்றுவிடும். மாற்றும்போது பிசகினால் எல்லாமே போய்விடும். என் வீட்டுக்காரர் ஐந்தடிக்கு இரும்பு ஸ்டாண்டு அடித்தார். தண்ணீர் இறைக்கப் பம்பு ஒன்றும் செய்தார். அதற்குள் சுழலும் இம்பெல்லரைப் பித்தளையில் கடைந்து கொண்டுவந்தபோது நான் கையால்கூடத் தொடவில்லை. பித்தளையில் இருக்கும் செம்பு தண்ணீரில் இறங்கினால் பூ பிழைக்காது. "பம்பு செய்யற எங்கிட்டயே பம்பப் பத்திச் சொல்றயா" என்று முனகிக்கொண்டே போய், நைலான் உருளையில் வேறொன்று கடைந்து வந்தார். அது நன்றாகவே ஓடியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். புதுத் தண்ணீர் ஒரு வாரம் முன்பே வந்து, கொல்லையில் மூன்று பெரிய டிரம்களில் மூடி இருந்தது. ஒரு டிரம் முழுசு, மற்ற இரண்டும் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. வந்த அன்றே மூன்றையும் அளந்து பார்த்திருந்தேன். மூன்றும் இருபத்தைந்து.

காலையில் பழைய தொட்டியின் தண்ணீரைப் பிளாஸ்டிக் டப்புகளில் இறக்கி, அதிலேயே பாறைகளையும் மீன்களையும் வைத்து, காற்றுக் குழாயை விட்டோம். பூதான் பாடாய்ப் படுத்தியது. அது ஒட்டியிருந்த பாறை தொட்டியின் அடியோடு சிமெண்டு போலப் பிடித்திருந்ததால் பூவை மட்டும் தனியாகப் பெயர்க்க வேண்டியிருந்தது. அதன் பாதம் கிழிந்தால் அத்தோடு சரி. நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டிக்கொண்டு, ஒரு விரலை அடியில் கொடுத்து, நெல்லளவு நெல்லளவாகப் பெயர்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கழன்று கைக்கு வந்தபோது வதங்கின கத்தரிக்காய் மாதிரி சுருங்கியிருந்தது. ஆனால் கிழியவில்லை. என் முதுகுதான் கிழிந்த மாதிரி இருந்தது.

அதற்குள் என் வீட்டுக்காரர் சும்மா இருக்க முடியாமல், இரண்டு டிரம் தண்ணீரைப் புதுத் தொட்டிக்குள் இறைத்து முடித்திருந்தார். முகத்தில் அத்தனை பெருமை. "உடு கண்ணு, பூவ உடு" என்றார்.

"சித்தெ இருங்க" என்றேன். தெய்வமே கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாலும் அளக்காமல் வாங்குகிற கை இல்லை இது. பூவைப் பழைய தண்ணீர் டப்பில் விட்டுவிட்டு, லேக்டோமீட்டரைத் தொட்டியில் இறக்கினேன்.

முங்கியது. பதினேழு.

துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். பதினேழேதான். பழைய தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். இருபத்தைந்தில் ஜம்மென்று நின்றது. அப்படியென்றால் மீட்டரில் குற்றமில்லை. யாரோ கடலில் தண்ணீர் கலந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பூவை விட்டிருந்தால் மறுநாள் கரண்டியால்தான் அள்ளியிருக்க வேண்டும்.

"ஏனுங்க, இதுல என்ன ஊத்துனீங்க?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் உயிரே போகிற கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் கேட்போம்.

"டிரம்முல இருந்ததத்தான் அம்மணி. ரெண்டும் தளும்பத் தளும்ப இருந்துச்சு."

"தளும்பவா? முக்கால்கூட இல்லீங்களே அது."

அப்போது கொல்லைப்புறத்திலிருந்து என் மாமனார் துண்டை உதறிக்கொண்டு வந்தார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். அந்த வருஷம்தான் எங்களோடு வந்து தங்கியிருந்தார். என்னைத் தன் மகளுக்கு மேலாகப் பார்க்கிறவர். ஒரு வேலையும் இல்லாமல் உட்கார அவரால் முடியாது.

"ரெண்டு டிரம்மு கொறையா இருந்துச்சு அம்மணி. ஞாயித்துக்கெழம தண்ணி பத்தாமப் போயிருமேன்னு நேத்தே நெரப்பி வெச்சுப்போட்டேன்" என்றார். குரலில் அப்படியொரு திருப்தி.

"என்ன தண்ணிங்க மாமா?"

"நல்ல தண்ணி ஊத்தல அம்மணி. நல்ல தண்ணி பட்டா மீனு செத்துப்போகும்னு நீதான சொல்லியிருக்கற. உப்புத்தண்ணியத்தான் ஊத்துனேன்."

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு குழாய். ஒன்றில் சிறுவாணி வரும், அது நல்ல தண்ணி. மற்றதில் போர் தண்ணீர், அது உப்புத்தண்ணி. பாத்திரம் கழுவ, துணி துவைக்க. வாயில் வைத்தால் கொஞ்சம் கரிக்கும், அவ்வளவுதான். கடலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மனிதர் சிறுவாணிக் குழாயைத் தொடாமல், குடம் குடமாகப் போர் தண்ணீரைச் சுமந்து கடலை நிரப்பியிருக்கிறார்.

"மாமா, நீங்க சித்தெ அக்கட்டால போய் உக்காருங்க" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொன்ன விதம் எனக்கே தெரியும். பால் சொசைட்டியில் கேனைத் திருப்பி அனுப்பும்போது வருகிற குரல் அது. அவர் முகம் செத்துப்போயிற்று. கொல்லைக்குப் போனார்.

மூன்றாவது டிரம்மில் மீட்டரை விட்டேன். அது முதலிலேயே முழுசாக இருந்ததால் அவர் கை வைத்திருக்கவில்லை. இருபத்தைந்து. எனக்குப் பாதி உயிர் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு டிரம்மும் டப்புகளில் இருந்த பழைய தண்ணீரும் சேர்ந்தால், பெரிய தொட்டி பாதிக்கு மேல் நிறையும். பாறைகளை அடுக்காமல் படுக்கப் போட்டால் மூழ்கிவிடும். மிச்சத்தை அடுத்தடுத்து மீன் வண்டியில் வரவழைத்துக்கொள்ளலாம்.

"மொத்தத்தையும் வெளிய எறைங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"அத்தனையுமா?"

"கலப்படம்னு தெரிஞ்ச பொறவு ஒரு சொட்டுகூட வேண்டாங்க."

அவர் குழாயை ஜன்னல் வழியே கொல்லைக்குப் போட்டார். தண்ணீர் வெளியே பாயத் தொடங்கியதும் மாமா எழுந்துவந்து, குழாயின் நுனியைப் பிடித்து இழுத்துத் தென்னைமரத்தின் அடியில் விட்டார். தென்னைக்கு உப்பு வைப்பது அவருக்குக் கைவந்த வேலை. எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் தொட்டியின் அடியில் தேங்கியதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன், கலப்படமில்லாத கடல் தண்ணீரை நிரப்பினேன், அளந்தேன், பாறைகளைப் பரப்பினேன், மறுபடி அளந்தேன். பவளங்களை இறக்கினேன். கடைசியில் பூவை இரண்டு கையாலும் ஏந்தி ஒரு பாறையின் மேல் வைத்தேன். மீன்களையும் விட்டபோது உச்சி தாண்டியிருந்தது.

பூ விரியவில்லை.

வாய் பிளந்து, கோணிக்கொண்டு கிடந்தது. செத்துப்போகிற பூவுக்கு வாய் இப்படித்தான் பிளக்கும் என்று எனக்குத் தெரியும், ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒண்டிக்கொண்டன. சமைத்தது அப்படியே இருந்தது. மாமாவைச் சாப்பிடக் கூப்பிடப் போன என் வீட்டுக்காரர் தனியாகத் திரும்பி வந்தார். "வேண்டாங்கறாரு" என்று மட்டும் சொன்னார். வாக்கைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக இந்த வீட்டில், வாய் ஓயாமல் 'உப்புத்தண்ணி, உப்புத்தண்ணி' என்று சொல்லிக்கொண்டிருந்தது யார்? 'உப்புத்தண்ணி கொறைஞ்சிருச்சு', 'உப்புத்தண்ணி ஊத்தோணும்' என்று நான் சொன்னதைக் கேட்டுத்தானே அந்த மனிதர் முதுகு நோகச் சுமந்தார். வெட்கமாக இருந்தது. கோபக்காரிகளுக்கு வெட்கம் வந்தால் அது பொல்லாதது, யார் மேலும் இறக்கி வைக்க முடியாது.

நான்கு மணி இருக்கும். ஜோடியில் பெரியதான பெண் மீன் மூலையைவிட்டு வந்தது. பூவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. தலையால் இடித்தது. போயிற்று, திரும்பி வந்து மறுபடி இடித்தது. எழுப்பிப் பார்க்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு அந்தப் பிளந்த வாய் மெல்ல மூடியது. ஒரு ஓரத்தில் நாலு விரல் நீண்டது. பிறகு பக்கத்தில் பத்து விரல். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணியில் பூ ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்தது. பழைய தொட்டியில் அந்த அகலம் விரிய அதற்கு இடமே இருந்ததில்லை. பெண் மீன் உள்ளே பாய்ந்து புரண்டது, பின்னாலேயே ஆண் மீனும் புகுந்தது.

ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வேறு வார்த்தை தேடப்போவதில்லை. தரையைத் தட்டிக்கொண்டு சிரித்தேன். பட்டறைக்காரர் ஓடிவந்து பார்த்துவிட்டு, தன் பம்புதான் அதைப் பிழைக்க வைத்தது என்று அப்போதே ஆரம்பித்துவிட்டார்.

நான் கொல்லைக்குப் போனேன். மாமா தென்னை மரத்தடியில், ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பூ விரிஞ்சிருச்சுங்க மாமா. மீனு ரெண்டும் உள்ள போயிருச்சுங்க."

"மெய்யாலுமா அம்மணி?"

"மெய்யாலுந்தானுங்க. தப்பு எம்மேலதானுங்க. தொட்டியில இருக்கறது கடல்தண்ணி. நாந்தான் உப்புத்தண்ணின்னு சொல்லிச் சொல்லி உங்களக் கொழப்பிப்போட்டேன். எந்திரிங்க, சாப்பிடலாம்."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டிக்கு முன் வெகுநேரம் நின்றார். கொடுத்த வாக்கு இனி என்னை ஒன்றும் செய்யாது என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தேன், அவரும் சிரித்தார். மூன்று பேருமாகக் கூடத்திலேயே உட்கார்ந்தோம். ஆறிப்போன சோறு, ஆறிப்போன பருப்பு. மாமா சோற்றைப் பிசைந்துவிட்டு, வாயில் வைக்காமல் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சாப்பிடுங்க மாமா" என்றேன். "அது இனி எங்கயும் போகாதுங்க."