பாதிக் கூறு

பூவாயியைப் பற்றிச் சொல்லும் முன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மீன் வாடை ஆகாது. பிறந்ததிலிருந்து சைவம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனையில் "மீனேய்" என்று குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுவேன். அப்படிப்பட்ட சுலோசனா ஒரு மீன்காரியின் கதையை எழுத உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். என் வீட்டுக்காரர் போன பிறகு என் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிறது.

பூவாயி வீராம்பட்டினத்துக்காரி. வயது ஐம்பத்தெட்டோ அறுபதோ, அவளுக்கே நிச்சயமில்லை. புருஷன் இறந்து பத்து வருஷம். ஒரே பையன் முத்துவேல், குவைத்தில் ஏசி ரிப்பேர் வேலை. விடியும் முன்னே கரையில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் மார்க்கெட் வரை வந்து, அங்கிருந்து அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே எங்கள் பக்கம் வருவாள். புதனும் ஞாயிறும் வருவாள். தராசெல்லாம் கிடையாது. சின்ன மீன் என்றால் கூறுதான். எட்டு மீனைக் குவித்து வைத்து ஒரு விலை சொல்வாள். எடுத்தால் மொத்தமாக எடுக்க வேண்டும், கூறை உடைக்கவே மாட்டாள். ஒரு தடவை உடைத்தால் தெருவில் அத்தனை பேரும் ஒன்று கொடு, இரண்டு கொடு என்று வந்து நிற்பார்கள் என்பது அவள் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

என் வீட்டு மாடியில் குடியிருந்தவர் ஒடீல் மதாம். பிரான்சில் ஏதோ ஓர் ஊரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரி என்றதும் நானும் வாடகையைக் கூட்டித்தான் சொன்னேன், பொய் சொல்வானேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருக்கு வரும் பென்ஷனில் அங்கே வாடகை கொடுத்தால் சாப்பாடு இல்லை, சாப்பிட்டால் வாடகை இல்லை. புதுச்சேரியில் இரண்டும் நடக்கும் என்று யாரோ சொல்ல, அறுபத்தெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்துவிட்டார். கடற்கரைப் பக்கம் வாடகை விசாரித்துத் தலை சுற்றிப் போய் என் மாடிக்கு வந்தார். மீனைக் கழுவுவது, வெட்டுவது எதுவும் வீட்டுக்குள் கூடாது என்று நான் போட்ட நிபந்தனைக்கும் சரி என்றார்.

வெள்ளைத் தோலைக் கண்டால் எங்கள் ஊரில் தக்காளிக்கும் விலை ஏறிவிடும். கத்தரிக்காய் வாங்கிவந்து என்னிடம் காட்டி, "சுலோசனா, சரியா?" என்று கேட்பார். சரியில்லை என்று தெரிந்தும் "சரிதான் மதாம்" என்பேன். ஒரு நாள் டவுனில் பெரிய கடை ஒன்றில் அவரைப் பார்த்தேன். அவர் ஊர் சீஸ் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தார், விலையைப் பார்த்தார், மூக்கருகே வைத்து மோந்தார், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். நான் பார்க்காதது போல ரவை இருக்கும் பக்கம் போய்விட்டேன்.

பூவாயியும் மதாமும் சந்தித்தது ஒரு புதன்கிழமை. என் வாசலில் கூடையை இறக்கிக் கிழங்கான் மீனைக் கூறு போட்டிருந்தாள். மதாம் மாடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு மீன். ஒரு ஆள்."

"கூறா எடு மதாம். ரெண்டெல்லாம் குடுக்கறதில்ல."

"எட்டு அதிகம். ஒரு ஆள்."

"ஐஸ் பொட்டியில போட்டு வச்சிக்கோ. நாலு நாளு ஆவும்."

மதாம் என்னைப் பார்த்தார். மாடியில் இருந்த ஃபிரிட்ஜ் என்னுடையது. ஐஸ் பெட்டி கெட்டு ஒரு வருஷம். இன்றைக்கு ஆள் வருவான், நாளைக்கு வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். வானத்தைப் பார்த்தேன். மதாம் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

பூவாயி என்னிடம் திரும்பினாள். "என்னாதான் துன்னும் அது?"

"பருப்பு, உருளைக்கிழங்கு. உனக்கென்ன வந்தது?"

"நாளைக்கி?"

"நாளைக்கும் அதேதான்."

"சொந்தக்காரங்க ஆரும் வர மாட்டாங்களா?"

"இங்க யாரு இருக்காங்க வர்றதுக்கு? பேசாம உன் வேலையப் பாரு."

அவள் வேலையைப் பார்க்கவில்லை. கூடையையும் படியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தெருவே அதிரக் கத்தினாள். "மதாம்! எறங்கி வா! பாதி நீ எடுத்துக்கோ, பாதி எனுக்கு! நானும் ஒரு ஆளுதான்!"

மதாம் இறங்கி வந்தார். நாலு மீன் அவர் கிண்ணத்தில் விழுந்தது. மீதி நாலை பூவாயி தன் முந்தானைப் பக்கம் இழுத்துத் தனியாகக் கவரில் போட்டுக்கொண்டாள். இனாமாக இரண்டு மீன் கொடுத்திருந்தால் மதாம் வாங்கியிருக்க மாட்டார், அந்த ரோஷம் அவருக்கு உண்டு. பாதி அவளும் தின்னப் போகிறாள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பாதி விலையைக் கொடுத்து, கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே போனார்.

அதற்குப் பிறகு பூவாயி வெள்ளிக்கிழமையும் வர ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை கறியை விட்டு மீன் சாப்பிடுவது மதாமுக்கு மாதா கோயில் பழக்கம். எங்கள் தெருவிலோ அன்றைக்குத் தலைகுளித்துக் கோலம் போட்டு, மீன் பக்கமே யாரும் போக மாட்டார்கள். "வெள்ளிக்கிழமையில யாருக்குடி இந்தக் கூடையத் தூக்கிட்டு வர்ற?" என்று நான் கத்துவேன். "மதாமுக்குத்தான், உங்குளுக்கென்னா? ஜன்னல சாத்திக்கிங்க" என்பாள். தெருக்குழாயடியில் உட்கார்ந்து மீனை ஆய்ந்து கொடுப்பாள். மதாம் கடைசிப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் உன் பாதியை என்ன செய்தாய் என்று கேட்பார். பூவாயி அளப்பாள். மாங்காய் போட்டேன், புளி கம்மியாகக் கரைத்தேன், கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, சட்டியை வழித்து நக்கிவிட்டேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். மதாம் அதையெல்லாம் சின்ன நோட்டில் தன் எழுத்தில் எழுதிக்கொண்டு போய் அப்படியே சமைப்பார். மாடியிலிருந்து மாங்காய் மீன்குழம்பு வாசம் இறங்கும். நான் ஊதுவத்தி கொளுத்திக்கொள்வேன்.

அத்தனையும் புளுகு என்று எனக்கு ஒரு மத்தியானம் தெரிந்தது. சாமிக்கு மல்லிகை வாங்க வெளியே போனவள், தெருமுனை வேப்பமரத்தடியில் பூவாயி சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்தேன். மோர் ஊற்றிய சோறு, இரண்டு பச்சை மிளகாய், வெங்காயம். பக்கத்து டீக்கடை அன்புசெல்வி காசைக் கொடுத்து அந்த நாலு மீன் கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மீன்காரி மோர்சோறு தின்கிறாள்!

"ஏண்டி, நேத்துக் கருவாடு, முந்தாநாள் குழம்புன்னு மதாம் கிட்ட அளந்தியே, எல்லாம் பொய்யா?"

பூவாயி வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "நான் மீனு துன்னு நாலு வருசம் ஆவுதும்மா. எம்புள்ள பிளேன் ஏறின அன்னிக்கி நிறுத்துனது. அவன் வந்து எங்கையால துன்னாதான் நான் வாயில வைப்பேன்னு எங்கூரு அம்மன் கிட்ட சொல்லிட்டேன்."

"அதுக்கு மதாம் கிட்ட ஏன் பொய்?"

"அங்க மீனு என்னா வெலை தெரியுமா? அவன் போன்ல சொல்றான், மாசத்துக்கு ஒருக்காதானாம். மத்த நாளெல்லாம் குப்பூஸு ரொட்டியும் தயிரும். கடக்கரையில பொறந்த புள்ள. ரூமுக்கு ஆறு பேரு, ஆருக்கு ஆரு பாத்துப் போடுவாங்க? நான் இங்க ஒரு அசலூரு மனுசிக்குப் பாதி குடுத்தா, அங்க எவளாச்சும் எம்புள்ளைக்குப் பாதி குடுப்பா. அம்மனுக்குத் தெரியும். வெள்ளிக்கெழமைன்னா அவளுக்கு நல்லாவே தெரியும். மதாம் கிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா வாங்காது."

"புளுகு மூட்டை" என்று மட்டும் திட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மதாம் வெளியே போன நேரம் பார்த்து ஆளைக் கூட்டிவந்து ஐஸ் பெட்டியைச் சரி செய்தேன். சரியாகிவிட்டது என்று மதாமிடம் சொல்லவில்லை. சொன்னால் முழுக் கூறு வாங்க ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகெல்லாம் கரையேறியபோதும் பூவாயி நின்றுவிடவில்லை. கட்டுமரக்காரனிடம் சண்டை போட்டு ஒரு கூறாவது கொண்டுவருவாள். விலை இரட்டிப்பு. மதாமிடம் மட்டும் பழைய விலைதான் சொல்வாள், நஷ்டத்தை டீக்கடைப் பாதியில் ஏற்றப் பார்ப்பாள், அன்புசெல்வி அவளை விரட்டுவாள்.

ஆடியில் ஒரு மழை நாள், மதாம் என் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் பத்து நாள். வெள்ளிக்கிழமைக்குள் வீடு திரும்பிவிடுவார் என்று பூவாயியிடம் சொல்லியிருந்தேன். பிரான்சிலிருந்து அக்காள் மகள் வந்தாள், பேசினாள், அழுதாள், ஒரு வியாழக்கிழமை சக்கர நாற்காலியோடு காரில் ஏற்றிக் கூட்டிப்போனாள். போகும்போது மதாம் என் கையைப் பிடித்து, "பூவாயி... வெள்ளிக்கிழமை... சொல்லு" என்றார். அதற்கு மேல் அவர் தமிழ் போதவில்லை. என் தமிழும்தான்.

மறுநாள் வழக்கம்போல வாசலில் குரல். "மதாம்! சங்கரா மீனு!"

நான் கதவைத் திறந்தேன். பாதி ஏற்கெனவே ஆய்ந்து தயாராக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவள் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

"எப்ப வரும்?"

"வர மாட்டாங்க பூவாயி. இனிமே அங்கதான்."

அவள் அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். "முத்துவேலும் முந்தாநேத்து போன் பண்ணாம்மா. இன்னும் ரெண்டு வருசம் எழுதி வாங்கிட்டாங்களாம் கம்பெனில." ஆய்ந்த மீனைத் திரும்பக் கூடையில் போட்டாள். "இனிமே அவனுக்கு ஆரும்மா குடுப்பா?"

அம்மன் அப்படியெல்லாம் கணக்குப் பார்க்க மாட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த மீனை வாங்கித் தின்னக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லையே என்று இருந்தது. பிறந்ததிலிருந்து சைவமாக இருந்ததற்கு முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து மதாம் என் போனில் வீடியோ காலில் வந்தார். நல்லவேளையாக வெள்ளிக்கிழமை, பூவாயி வாசலில் இருந்தாள். ஆள் பாதியாகியிருந்தார். அங்கே கடையில் மீன் பிளாஸ்டிக் தட்டில் இரண்டு துண்டு பன்னிரண்டு யூரோ என்றார். நான் ரூபாயில் பெருக்கிச் சொன்னதும் பூவாயி மார்பில் கை வைத்தாள். "அடி ஆத்தே! அதுக்கு நான் அஞ்சு கூறு குடுப்பேனே!"

மதாம் சிரித்தார். "நீ? உன் பாதி சாப்பிட்டாய்?"

"துன்னேன் மதாம். மாங்கா போட்டு. சட்டியே காலி. நீ?"

"நானும். மீன் சாப்பிட்டேன்."

அவர் முன்னால் மேஜையில் இருந்த தட்டு எனக்குத் தெரிந்தது. அதில் மசித்த உருளைக்கிழங்கு மட்டும்தான் இருந்தது. பூவாயிக்குக் கிட்டப் பார்வை மங்கல், அவள் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. புரோக்கர் வெற்றிவேல் ஆள் மேல் ஆளாகக் கூட்டிவந்தார். போன மாதம் ஒரு பேங்க் தம்பதி. நல்ல குடும்பம், சுத்த சைவம், வாடகையும் நான் கேட்டதற்கு மேலே ஆயிரம். வேண்டாம் என்றேன்.

"என்னாம்மா நீங்க, முன்னெல்லாம் சைவந்தான் வேணும்னு உசிர வாங்குனீங்க?"

"இப்ப மாத்திட்டேன். வெளியூர் ஆளா இருக்கணும். தனி ஆளா இருக்கணும். மீன் சாப்பிடணும். ஒரிசாக்காரரா இருந்தாலும் சரி, பிரான்சுக்காரரா இருந்தாலும் சரி."

வெற்றிவேல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேட்டை முழுக்கச் சொல்லியிருப்பார்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பூவாயி வந்தாள். கூடையை இறக்காமல், தலையில் வைத்தபடியே மேலே பார்த்துக் கேட்டாள்.

"ஆரும் வந்தாங்களாம்மா?"

"இன்னும் வரலடி."

"சரி. அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பாதியையும் சுமந்துகொண்டு தெருமுனையைப் பார்த்து நடந்தாள்.