மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடும் ஷமீமா

செய்தி வந்தபோது நான் தி. நகரில் ஒரு வீட்டுக் குளியலறையில் நின்று டைல்ஸ் மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஊற்றிய தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்துகொண்டிருந்தது. கைபேசியில் ஷமீமாவின் தம்பி அன்வரின் பெயரைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "அக்கா, எங்கக்கா மௌத்தாயிட்டாங்க" என்றான். ஷமீமா காலமாகிவிட்டாள். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அன்று சாயங்காலமே அடக்கம் என்பதால் உங்களில் பலரால் வர முடியவில்லை. நம் வகுப்பின் வாட்ஸப் குழுவில் நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தீர்கள். மாலை ஆறு மணியானால் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று. அது உண்மைதான். ஆனால் அவளோடு ஐந்து வருடம் ஒரே மேசையைப் பங்கிட்டவள் என்ற முறையில் நான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டடக்கலை படித்தவர்களுக்கு நம் பைத்தியக்காரத்தனம் தெரியும். யார் அதிக ராத்திரி தூங்கவில்லை என்பதுதான் அன்று நமக்குப் பதக்கம். சிவந்த கண்ணும் கசங்கிய சட்டையுமாக வந்தவனை ஆசிரியர்களே மெச்சுவார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே நன்றாகத் தூங்கி, தலைக்குக் குளித்து, பளிச்சென்று வந்து நிற்பாள் ஷமீமா. பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். இவளுக்கு அக்கறையே கிடையாது என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஆறு மணிக்கு அவள் போன இடம் லஸ் பக்கத்துச் சந்தில் இருந்த அவள் அத்தாவின் தையல் கடை. அத்தாவுக்குச் சர்க்கரை முற்றிக் கண் மங்கியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் டேப்பில் உள்ள எண் தெரியாது. பெண்கள் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருவதே வேலை முடிந்த பிறகுதான். அதனால் மாலையில் அளவெடுப்பது மகளின் பொறுப்பு. இதை அவள் யாரிடமும் ஒரு காரணமாகச் சொன்னதில்லை. நான் தெரிந்துகொண்டதே அம்மாவோடு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனபோதுதான். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, கை எவ்ளோ நீளம் வேணும்?" என்று நம் வகுப்பின் முதல் மாணவி கேட்டாள்.

நேரம் குறைவு என்பதால் அவள் வேலை செய்த விதமே வேறு. ஒரு ப்ராஜெக்ட் தொடங்கும் நாளிலேயே, கடைசியில் எத்தனை தாள் மாட்ட வேண்டுமோ அத்தனை வெற்றுத் தாளைச் சுவரில் மாட்டிவிடுவாள். மூலையில் சின்னதாக, இது தரைத்தளம், இது மாடிப்படி என்று பென்சிலில் எழுதியிருக்கும். பிறகு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து வருவாள். நாமெல்லாம் ஒரு ஜன்னலிலேயே ஒரு வாரம் மயங்கிக் கிடந்து, முந்தின நாள்தான் மாடிப்படி ஞாபகம் வந்து அலறுவோம். எந்த நாளில் நிறுத்தச் சொன்னாலும் ஷமீமாவிடம் காட்டுவதற்கு ஒரு முழுக் கட்டடம் இருக்கும். வாரத்துக்கான திட்டம் போடும்போதும் தூங்கும் நேரத்தைத்தான் முதலில் குறிப்பாள். "தூக்கமும் சாப்பாடும் தூணுடி. வேலை சுவரு. சுவரை இப்படி அப்படித் தள்ளிக்கலாம், தூணைத் தள்ள முடியுமா?" என்பாள். நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. தூக்கமில்லாமல் இருப்பதில் ஒரு வீரம் இருப்பதாகவே நம்பியிருந்தேன்.

இறுதி ஆண்டில் அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாந்தோம் கரையில் ஒரு மீன் ஏலக் கூடமும் சந்தையும் என்பது என் ப்ராஜெக்ட். மறுநாள் காலை ஜூரி, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் முன்னால் வரைபடத்தையும் மாடலையும் வைத்து விளக்க வேண்டும். அதில் தோற்றால் ஒரு வருடம் போய்விடும். பல ராத்திரிகள் விழித்து அட்டையில் வெட்டி ஒட்டிய மாடலை அன்று மாலை மேசையில் வைத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். ஷமீமா பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள், ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"கௌரி, கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

வரைபடத்தை எடுத்து மாடலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ட்ரேசிங் தாள் கண்ணாடி மாதிரி, இரண்டு பக்கமும் கோடு தெரியும். தூக்கக் கலக்கத்தில் அதைத் திருப்பிப் போட்டு அட்டையில் வரைந்து வெட்டியிருக்கிறேன். மொத்தச் சந்தையும் இடம் வலமாக மாறிவிட்டது. கிழக்கே இருக்க வேண்டிய கடல் லஸ் பக்கம் வந்துவிட்டது. தையல்காரர் மகள் அல்லவா, இரண்டு கையும் ஒரே பக்கமாக வெட்டிய சட்டையைக் கண்டுபிடிப்பதுபோல ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சுற்றியிருந்தவர்கள், எல்லோரும் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாக வெட்டிவிடலாம் என்று கத்தியை எடுத்தார்கள்.

ஷமீமா கடிகாரத்தைப் பார்த்தாள். "யாரும் தொடாதீங்க. இப்ப வெட்டினா இன்னொரு தப்பு வெட்டுவோம். நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. நான் காலைல வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கும் ஆறு மணிக்கு. உங்களில் ஒருவர் அவளை என்னவென்று திட்டினீர்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. நானும் மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன். ஆனால் உடம்பில் தெம்பில்லை. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

காலையில் கல்லூரி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மடியில் லைனிங் துணி சுற்றிய பெரிய பலகை ஒன்றை அணைத்தபடி ஷமீமா உட்கார்ந்திருந்தாள். ஓட்டி வந்தவர், "பாத்து எறங்குமா, ஒடஞ்சா இன்னா பண்ணுவ" என்று சொல்லி ஒரு கை பிடித்தார். உள்ளே இருந்தது கடையில் ரவிக்கை போட்டுப் பார்க்கும் நிலைக்கண்ணாடி. அதை மாடலுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். கண்ணாடிக்குள் என் சந்தை சரியாக நின்றது. கடல் கிழக்கே போய்விட்டது.

நடந்ததை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடச் சொன்னாள். சொன்னேன். வயதான தேர்வாளர் ஒருவர் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து வெகுநேரம் கண்ணாடிக்குள் பார்த்தார். பிறகு சிரித்தார். இது யாருடைய யோசனை என்று கேட்டார். நான் கை காட்டிய இடத்தில் அவள் இல்லை. தன் தாள்களை மாட்டப் போயிருந்தாள். நான் தேறினேன். கண்ணாடி வெயில் சாயும்முன் கடைக்குத் திரும்பிவிட்டது.

பிறகு அவள் கட்டடக்கலை ஆசிரியையாகி, தன் வகுப்பு அறையை மாலையில் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனதும், அதற்காக நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியதும் உங்களுக்குத் தெரியும். மாணவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு நன்றாக வரைந்தார்கள். அத்தா காலமாகிக் கடையும் கைமாறிய பின்னும் அவள் ஆறு மணிக்கு வேலையை விட்டு எழுந்துவிடுவாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நேரத்த எவ்ளோ குடுத்தாலும் வேலை சாப்பிடும். ஏதாவது மிச்சம் வெக்கணும்ல" என்றாள்.

கடைசி வருடம் நோயோடு போனது. பெசன்ட் நகரில் அவள் வீட்டுக்கு வாரம் தவறாமல் போவேன். அப்போதும் அதே சட்டம்தான். சாயங்காலமானால், "கெளம்பு, உன் பொண்ணு வந்திருப்பா, பஸ்ல கூட்டமாயிடும்" என்று விரட்டுவாள். யாருடைய நேரத்தையும் தனக்கென்று கேட்கக் கூடாது என்பதில் அப்படி ஒரு பிடிவாதம். நான் ஒருமுறைகூட அவளை மீறி உட்கார்ந்ததில்லை.

கடைசியாகப் போன நாளிலும் வழக்கமான நேரத்துக்குப் பையை எடுத்தேன். தெருவில் கடற்கரைக்குப் போகும் கூட்டத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் பலமே இல்லை.

"இன்னைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருடி" என்றாள்.

இருந்தேன். அன்வர் போட்டுக் கொடுத்த டீயில் சர்க்கரை அதிகம் என்று இருவரும் சேர்ந்து குறை சொன்னோம். இருட்டும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கற்றுக்கொடுத்ததையெல்லாம் நீங்களும் வைத்திருக்கிறீர்கள், அவளுடைய மாணவர்களும் வைத்திருக்கிறார்கள். தன் வாழ்நாளில் அவள் என்னிடம் கேட்டு வாங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.