கீரிப்பாறை மலையில் பழைய சீமைக் கார் பார்த்தது

மலைத் தோட்டங்களில் பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன். நான் பி.ஏ. தேறிய மறு வருஷம், தை மாதத்து முதல் சனிக்கிழமை, அண்ணனோடு கீரிப்பாறைக்குப் போனேன். அண்ணன் பத்து வருஷமாக இன்னொருவருடைய பஸ்ஸை ஓட்டுகிறார். என்னைப் படிக்கவைத்ததும் அந்தச் சம்பளம்தான். சொந்தமாக ஒரு வாடகைக் கார் வாங்கி, நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் குலுங்காமல் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை. கையிலிருந்த சேமிப்பு ஒரு காருக்குத்தான் காணும். தவறினால் இன்னொன்று கிடையாது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு இங்கிலீஷ் பேசத் தங்கை என்னைக் கூட்டிப்போனார். யாரோடும் பேசக் கூசுகிற என்னை!

காலை ஆறரைக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினோம். தடிக்காரன்கோணம் வரை பத்து மைல், ஆளுக்கு டிக்கெட் ஆறு சக்கரம், நம் திருவிதாங்கூர்க் காசில். எட்டு மணிக்கு இறங்கி மேலே மூன்று மைல் நடை. வழியில் தண்ணீர் உண்டு, சாப்பாடு கிடைக்காது.

ஒன்பதரைக்குக் கொட்டகையில் காரைக் கண்டோம். கரும்பச்சை நிறம், தோல் ஸீட்டு, பதினோரு வருஷப் பழசு. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பிறர் வாங்கும் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்து சோதிக்கிறவர், அன்று பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"ஒரு கேடும் கெடையாது, கேட்டியா மக்கா. ஒரு மாசமா யாரும் தொடவேயில்ல. இப்பம் பாரு," என்றார் தோட்டத்து டிரைவர். ஒரே சுற்றில் என்ஜின் கிளம்பியது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

அதற்கு முன்பே நான் பானெட்டில் கை வைத்திருந்தேன். வெயில் படாத கொட்டகையில் அது சுட்டது. குனிந்து பார்த்தேன். ரேடியேட்டர் ஒழுக்கை ரப்பர் பால் பூசி அடைத்திருந்தார்கள். கதவைத் தூக்கித்தான் மூட வேண்டியிருந்தது. கதவோரத்து மரச்சட்டத்தைத் தட்டினேன். மாவு மாதிரி உதிர்ந்தது.

துரை வந்தார்.

"ஏட்டி, வெல என்னன்னு கேளு," என்றார் அண்ணன்.

விலையைக் கேட்கவில்லை. "கடைசியாக எப்போது என்ஜினைக் கிளப்பினீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"இன்று காலைதான். சூடேற்றாவிட்டால் கிளம்பாது. டிரைவர் சொல்லவில்லையா?" என்றார் துரை, சாதாரணமாக. டிரைவர் கூரையைப் பார்த்தார்.

கண்டது எல்லாவற்றையும் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னேன். வெகுநேரம் ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுல அஞ்சு நிமிசம் இருந்துக்கிடட்டுமான்னு கேளுட்டி."

கேட்டேன். துரை தலையசைத்துவிட்டு, டிரைவரையும் அழைத்துக்கொண்டு அப்பால் போனார்.

காரை வாங்காமல் மலையிறங்கி நடக்கும்போது அண்ணன், "நாலு வருசம் படிக்க வச்சது என் காரை முடக்கத்தானா?" என்று சிரித்தார். கொஞ்ச தூரம் போய், "பேறுகாலக்காரி ஒருத்திய ஏத்திட்டு இது வழியில நின்னிருந்தா..." என்றவர் முடிக்கவில்லை. என் குடையை வாங்கிக்கொண்டார்.

அவர் இன்னும் அந்த பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார்; வேறு கார் தேடுகிறோம்.

கார் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாளை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். ஆறிய என்ஜினைக் கிளப்பச் சொல்லுங்கள். கதவு, மரச்சட்டம், ரேடியேட்டரின் அடிப்பாகம் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். சொந்தக்காரரிடமே நேராகக் கேளுங்கள். அந்தக் காரின் மேல் ஆசை இல்லாத ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபின், ஆசைப்பட்டவரைக் கொஞ்ச நேரம் ஸீட்டில் தனியே உட்கார விடுங்கள். அவசரமில்லை, கீழே பஸ் இரண்டு மணிக்குத்தான்.