ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கு விசாரணை

சாம்பார் வாளியோடு வந்த முனியம்மாளை வழிமறித்து நின்றாள் சந்திரலேகா.

"இந்தச் சாம்பார் நேத்து வச்சதுன்னு சொல்லுதேன்."

"சரியல்ல," என்றாள் முனியம்மாள், முகத்தில் சலனமே இல்லாமல்.

"நேத்து வச்சத இன்னைக்குச் சுட வச்சீங்கன்னு சொல்லுதேன்."

"அதுவும் சரியல்ல. தள்ளும்மா, கை சுடுது."

சாப்பிட்டுக்கொண்டிருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் முனியம்மாள் நடத்தும் மெஸ் அது. ஷிப்டு முடிந்து வரும் தெற்கத்திப் பிள்ளைகளுக்கு அங்கேதான் சாப்பாடு. ஞாயிறு மதியம் பந்தி முடிந்ததும் அது கோர்ட்டாகிவிடும். சந்திரலேகாவின் அறைத்தோழி சத்யப்பிரியா அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தால் நீதிபதி. அவளும் சந்திரலேகாவைப் போல ஜூனியர் வக்கீல்தான். கை கழுவும் தொட்டி ஓரம் சாட்சிக் கூண்டு; அதில் நிற்கும் சாட்சி முனியம்மாள்.

சந்திரலேகா கோவில்பட்டிக்காரி. அம்மாவும் அப்பாவும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள். இங்கே ஒரு செல்போன் கம்பெனியில் இரண்டு வருஷம் லைனில் நின்று சேர்த்த பணத்தில் சட்டம் படித்தாள். கறுப்பு கவுன் வந்தது, தொழில் வரவில்லை. சீனியர் நல்ல மனிதர். ஆனால் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதும், அவர் வராத நாளில் வாய்தா வாங்குவதும்தான் அவளுக்கு வேலை. "ரெண்டு வருசமா வாய்தா கேக்கத்தான் வாயைத் தொறந்திருக்கேன்," என்று தன்னையே கேலி செய்துகொள்வாள்.

சொல்லித்தர ஆளில்லை என்றதும் குறுக்கு விசாரணையைத் தானே பழக ஆரம்பித்தாள். ஷேர் ஆட்டோ டிரைவரிடம்கூட, "ஸ்ரீபெரும்புதூர் போகும். ஆமாவா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க," என்பாள். கேள்வி கேட்கும்போது வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரல்விட்டு எண்ணுவாள். ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. சாட்சி மடங்கிய பிறகும் நிறுத்த மாட்டாள். "அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று ஒன்றைக் கூடுதலாகக் கேட்பாள். அந்த 'ஏன்' கிடைத்ததும் முனியம்மாள் புதுக் கதை ஒன்றைக் கட்டி எழுப்பித் தப்பிவிடுவாள்.

"கேட்டியா, மாட்டிகினே நீ!" என்று கைதட்டுவாள் முனியம்மாள்.

2013இல் அவளுக்கென்று முதல் வழக்கு வந்தது. மெஸ்ஸில் சாப்பிடும் சுடலைக்கண்ணுவுக்கு உதிரிபாகக் கம்பெனி ஒன்றில், சாயங்காலம் ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலையில் இருந்தபோது, பிரஸ் மெஷின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. இரண்டு மணிக்கே ஷிப்டு முடிந்து போய்விட்டான், அடிபட்டது அறையில் பைக் கழற்றும்போது என்றது கம்பெனி. சூப்பர்வைசர் பாபு சாட்சி.

அந்த ஞாயிறு மெஸ் கோர்ட்டில் முனியம்மாள்தான் பாபு. பொய்யை ஜோடிப்பதில் அவளுக்குத் தனி உற்சாகம்.

"அன்னிக்கி அவனுக்கு ஓ.டி.யே கெடியாது. ஓ.டி.ன்னா நான் டீ டோக்கன் குட்த்திருப்பேனே? குட்த்தா சீட்டுல பேரு கீதும்மா!"

முதுகுக்குப் பின்னால் எண்ணிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "யக்கா, டோக்கனுக்குச் சீட்டு இருக்கா?"

"சாப்புட்றப்ப புள்ளைங்க பேசிக்கும். சூப்பர்வைசரு கையெயுத்துப் போட்டாத்தான் டீயாம்."

மறுநாளே, கேண்டீன் டோக்கன் சீட்டுகளைக் கம்பெனி கொண்டுவர வேண்டும் என்று மனுப் போட்டாள்.

விசாரணை நாளில் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் முன் எழுந்து, சாட்சி சொல்ல வந்த பாபுவைப் பார்த்து நின்றாள்; வலது கை முதுகுக்குப் பின்னால் போனது.

"ஓ.டி. பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான் சாயங்கால டீ டோக்கன்?"

"ஆமாங்க."

"பேர் எழுதிக் கையெழுத்துப் போடுறது நீங்கதான்?"

"ஆமா."

கம்பெனி கொண்டுவந்த சீட்டை நீட்டினாள். "இது உங்க கையெழுத்தா? அடிபட்ட அதே தேதிதானா?"

பாபு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா."

"பதினோராவது பேரை வாசிங்க."

"சுடலைக்கண்ணு," என்றார் பாபு, தனக்கே கேட்காத குரலில்.

'அப்ப ஏன்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சந்திரலேகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வேற கேள்வி இல்லை," என்று உட்கார்ந்தாள். கம்பெனி வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்குப் பின்னால் கட்டுகளோடு நின்ற அவருடைய ஜூனியர் இளம்பரிதி மட்டும், அவள் கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் கேஸ் கட்டின் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தான்.

ஒன்றரை மாதத்தில் உத்தரவு சுடலைக்கண்ணுவுக்குச் சாதகமாக வந்தது. அந்த ஞாயிறு மெஸ்ஸில் பாயசம். முனியம்மாள் வாங்கிய பாராட்டைப் பார்த்தால் வாதாடியதே அவள்தான் என்று தோன்றும். அந்தக் கூச்சலுக்கு நடுவே வாசலில் ஓர் ஆள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நின்றான். இளம்பரிதி.

"எங்க சீனியர்கிட்ட மூணு வருஷமா இருக்கேன் மேடம். இதுவரைக்கும் ஒரு சாட்சியக்கூடக் கேள்வி கேட்டதில்ல. இங்க ஞாயித்துக்கிழமை பழகுறீங்கன்னு சொன்னாங்க. நானும் வரலாமா?"

பாயசத் தம்ளரோடு இருந்த சுடலைக்கண்ணு சந்திரலேகாவின் முகத்தைப் பார்த்தான்.

அவள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் இலையை விரித்து, தண்ணீர் தெளித்தாள்.