கியூ அக்காவின் ஈரத்துண்டு

அப் லெய் சாவ் தீவின் படகுப் பட்டறையில் உல்லாசப் படகுகளுக்கு மெருகு போடுகிறவள் மாக் போ கியூ. கரையேற்றிய படகை உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசி, அதில் தன் பல்வரிசை தெரிந்தால்தான் மெருகு மிஷினை நிறுத்துவாள்.

படகை மறுபடி தண்ணீரில் இறக்கும் நாளில் முழுப் பன்றியைச் சுட்டுக் கடல் தெய்வத்துக்குப் படைத்து, எல்லோரும் கையாலேயே எடுத்துத் தின்பார்கள். போன வருஷம் படகுக்காரர் சுங் அதே கையால் படகின் மூக்கைத் தட்டிக்கொடுத்தார். பதினெட்டு நாள் உழைப்பின்மேல் ஐந்து விரல் கொழுப்பு.

இந்த வருஷம் ஈரத்துண்டோடு சுங் முன்னால் வந்து நின்றாள்.

“கைய நீட்டுங்க சார்.”

“தொடச்சிட்டேன்மா.”

“பேன்ட்ல தொடச்சதெல்லாம் கணக்குல வராது. நீட்டுங்க.”

மேஸ்திரி யிப்பையும் அவள் விடவில்லை. எல்லார் கையையும் துடைத்து முடித்த பிறகுதான் மொறுமொறுப்பான தோலில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். கிரேன் படகைத் தூக்கியது. “போயிட்டு வாடி ராசாத்தி” என்று அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினாள்.

படகு மிதந்ததும் மூக்கில் ஐந்து விரலும் அச்சாகத் தெரிந்தன.

“அது யாரு கை அக்கா?” என்றார் யிப்.

“சுங் சார் கைதான். வேற யாரு?”

“அவரு கை அவ்ளோ சின்னதாவா இருக்கு?”

“ஈரத்துண்டால தொடச்சேன்ல. சுருங்கிருக்கும்.”